இரண்டு விரற்கடை இறங்கிய சீட்டு

என்னைக் கீழே விழ வைக்க யாரோ வேலை செய்கிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு ஜனவரி இரண்டாவது வாரம் வந்தது. அதற்கு முன்னால் நான் யாரையும் சந்தேகப்படாத சாது என்று சொல்ல வரவில்லை. சந்தையில் உருளைக்கிழங்கு நிறுக்கும்போது தராசைப் பார்க்கமாட்டேன், நிறுக்கிறவன் விரலைத்தான் பார்ப்பேன். ஆனால் இது அந்த மாதிரிச் சில்லறைச் சந்தேகம் இல்லை.

முந்தைய நாள் பக்கத்து ஊரான மிடல்சைலிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது சைக்கிள் நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. வடமேற்குக் காற்று, அதோடு முகத்தில் சாய்ந்து அடிக்கும் மழை. நவம்பரிலிருந்து மார்ச் வரை எங்கள் பக்கம் வானம் வேறெதுவும் செய்வதில்லை, அதனால் காற்றைத் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தேன். மறுநாள் காலை கொட்டகையில் டயரை அழுத்திப் பார்த்தேன். இரண்டிலும் காற்று குறைந்திருந்தது. சீட்டைப் பார்த்தேன். இருபது வருஷமாக ஒரே உயரத்தில் நிற்கும் சீட்டு அது; கம்பியில் துரு ஒரு வளையமே போட்டிருக்கும். அந்த வளையத்தைக் காணோம். சீட்டு இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

டயர் தானாகக் காற்றை விடும், ஒத்துக்கொள்கிறேன். சீட்டு தானாக இறங்குமா?

இதைப் போய் ஏன் பெரிதுபடுத்துகிறாய் என்று கேட்பீர்கள். என் கணவன் ரூல்ஃப் மிடல்சைலில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறான். மறதி நோய். மதியச் சாப்பாட்டை என் கையால் ஊட்டினால்தான் விழுங்குவான். வேறு யார் கரண்டியை நீட்டினாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்வான். போன நவம்பரில் மரப்பாலத்தின் ஈரப் பலகையில் சறுக்கி விழுந்து, மணிக்கட்டு வீங்கி நான் இரண்டு வாரம் வீட்டில் கிடந்தேன். அந்த இரண்டு வாரத்தில் அவன் மூன்று கிலோ இளைத்துவிட்டான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவன் பால் லாரி ஓட்டினவன். வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும் என்று இருந்துவிட்டேன். வீட்டிலிருந்து மிடல்சைல் ஏழு கிலோமீட்டர். எனக்கு இருப்பது இந்த சைக்கிள்தான்.

மணிக்கட்டு சரியாகி நான் மறுபடி சைக்கிளை எடுத்த அன்றே என் மகள் லீஸ்பெத் உட்ரெக்ட் நகரத்திலிருந்து வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "அம்மா, இதுதான் கடைசி. இன்னொரு தடவை விழுந்தேன்னு தெரிஞ்சா சைக்கிளை நானே கார்ல ஏத்திட்டுப் போயிடுவேன். வயசானவங்களுக்கு வேன் விடுறாங்கல்ல, அதுல போ."

"வேன் செவ்வாய், வெள்ளி ரெண்டு நாள்தான் வருது. மீதி அஞ்சு நாளும் உங்கப்பன் பட்டினி கிடக்கணுமா?"

"ஊட்டுறதுக்குத்தானே அங்க ஆளுங்க இருக்காங்க!"

"அவங்க ஊட்டி இவன் தின்ன லட்சணத்தைத்தான் பாத்தோமே."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சைக்கிளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நான் விழுந்தால் லாபம் யாருக்கு என்று யோசிக்க ஆரம்பித்தபோது முதலில் நினைவுக்கு வந்ததும் அதுதான். ஆனால் அவள் இருப்பது உட்ரெக்ட்டில். இங்கே அவளுக்குக் கையாள் ஒருவர் வேண்டும்.

பக்கத்து வீட்டு வீபே இருந்தான். மனைவி போனபிறகு ஊரில் இருக்கும் சைக்கிளையெல்லாம் கழற்றி மாட்டுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. புதுவருஷத்தன்று லீஸ்பெத் வந்தபோது அவன் வீட்டு வாசலில் அரைமணி நேரம் நின்று குசுகுசுவென்று பேசியதை நான் ஜன்னலில் பார்த்தேன். நான் எட்டிப் பார்த்ததும் இருவரும் சிரித்துக் கையாட்டினார்கள். அப்படிச் சிரித்துக் கையாட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே கூப்பிட்டேன். "வீபே! ராத்திரி என் கொட்டகைக்குள்ள வந்தியா?"

"உன் கொட்டகையில என்ன புதையலா இருக்கு, வர்றதுக்கு?"

"என் சீட்டை யாரோ இறக்கியிருக்காங்க. காத்தையும் புடுங்கியிருக்காங்க."

மழைக்கோட்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தான். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"எவன் செஞ்சானோ, விவரம் தெரிஞ்சவன். மழைக்காலத்துக்கு இப்படித்தான் வெச்சுக்கணும், ஃபென்னா. காத்து கொஞ்சம் கம்மியா இருந்தா டயர் ரோட்டை நல்லாப் பிடிக்கும். சீட்டு இறக்கமா இருந்தா, சறுக்குறப்ப ரெண்டு காலையும் ஊனிக்கலாம். நானே உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

"சொல்லணும்னு இருந்தியா, இல்ல செஞ்சு முடிச்சுட்டுச் சொல்றியா?"

"அம்மா தாயே, உன் சைக்கிளைத் தொட்டா நீ கையை ஒடிப்பேன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு இருக்கிறது ரெண்டே கை."

"அஞ்சு வயசுலேருந்து ஓட்டுறேன். எனக்கு உயரம் சொல்லிக்குடுக்க வந்துட்டே."

"சொல்லலம்மா. நீ உசரத்துலயே இரு."

நான் உயரமாக உட்கார்ந்து பழகியவள். கால் முழுக்க நீண்டால்தான் மிதிப்பதில் சுகம், எதிர்காற்றிலும் வேகம் குறையாது. இறங்கிய சீட்டில் கிழவிகள்தான் உட்கார்வார்கள். எனக்கு எழுபத்தொன்று என்பது வேறு விஷயம்.

அவன் முன்னாலேயே டயரில் கல்லு மாதிரி காற்றடித்தேன், சீட்டைத் துரு வளையம் வரை ஏற்றினேன். அன்று செவ்வாய், வேனில் போய் ரூல்ஃபுக்கு ஊட்டிவிட்டு வந்து, சாயங்காலம் கொட்டகைக்குப் புதுப் பூட்டு ஒன்று போட்டேன். லீஸ்பெத் மறந்துவிட்டுப் போன சிவப்பு நகப்பூச்சை எடுத்து, சீட்டுக் கம்பி சட்டத்துக்குள் நுழையும் இடத்துக்குச் சரியாக மேலே ஒரு கோடும் இழுத்தேன். இனி ஒரு நூல் இறங்கினாலும் தெரிந்துவிடும்.

மறுநாள் புதன்கிழமை. காலையில் கோடு அப்படியே இருந்தது. வீபே தப்பித்தான், இப்போதைக்கு.

பதினொன்றேகாலுக்குக் கிளம்பினேன். கிளம்புவது ஒரு தனி வேலை. மழைக் கால்சட்டை, மழைக்கோட்டு, காலணிக்கு மேல் உறை, கம்பளிக் கையுறை, அதற்கு மேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. கடையில் விற்கும் எந்தக் கையுறையும் அந்த ரப்பருக்கு ஈடாகாது. தெருவில் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், என் விரல் சூடாக இருக்கிறது. பட்டாணி சூப்பை பிளாஸ்க்கில் ஊற்றி, துண்டு சுற்றி, கேரியர் பையில் வைத்தேன். பகலாக இருந்தாலும் முன்விளக்கும் பின்விளக்கும் எரிய வேண்டும். இந்த மாதத்தில் பகல் என்பதே பேருக்குத்தான். கால்வாய்க் கரையில் அழுகிய இலை கிடந்த இடங்களில் பிரேக்கைத் தொடாமல் போனேன். மரப்பாலத்தில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நவம்பருக்குப் பிறகு அந்தப் பாலம் எனக்குப் பயம். அதை லீஸ்பெத்திடம் சொல்லவில்லை.

இல்லத்தில் வாகனம் நிறுத்தும் இடத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதனால் புதுவருஷத்திலிருந்து பார்க்க வருகிறவர்களின் சைக்கிள்களை உள்முற்றத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். நான்கு பக்கமும் கட்டடம், வாசலுக்கு எண்ணை அழுத்தித் திறக்கும் பூட்டு. சைக்கிளைப் பூட்டிவிட்டுக் குனிந்து கோட்டைப் பார்த்தேன். சரியாக இருந்தது.

ரூல்ஃப் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்தான். "வாங்க, சூப்பம்மா."

அக்டோபரிலிருந்து நான் அவனுக்கு சூப்பம்மா. சாப்பாடு கொண்டுவருகிற ஊழியர் என்று நினைக்கிறான். நாற்பத்தேழு வருஷம் என்னை நீ, வா, போ என்றவன், இப்போது வாங்க, போங்க என்கிறான். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது நான் கத்திவிட்டேன். "கத்தாதீங்க, திருத்தாதீங்க, அவர் பயந்துடுவார்" என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து குரலைத் தாழ்த்திக்கொண்டேன். கத்திக் கத்தியே குடும்பம் நடத்தியவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று டாக்டருக்கு என்ன தெரியும்? "சாப்பிடுங்க ரூல்ஃப், சூடா இருக்கு ரூல்ஃப்" என்று தேன் தடவினாற்போல் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தான். கறுத்த ரை ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் தின்றான். பன்னிரண்டே முக்காலுக்கு அவனைப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டு, பாத்திரம் கழுவி, ஊழியர் அறையில் காப்பி குடித்து, ஒன்றரைக்கு முற்றத்துக்கு வந்தேன்.

சிவப்புக் கோட்டைக் காணோம். சட்டம் அதை விழுங்கியிருக்க, சீட்டு கீழே உட்கார்ந்திருந்தது. டயரில் காற்று குறைந்திருந்தது. இதெல்லாம் போதாதென்று, சீட்டின் மேல் நீலநிற பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை மாட்டியிருந்தார்கள். குளிக்கும்போது தலை நனையாமல் இருக்க அந்த இல்லத்தில் போடும் தொப்பி அது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலைமைத் தாதி யோலாந்தா, லீஸ்பெத்துடன் ஒரே வகுப்பில் படித்தவள். தொப்பியை உருவிக்கொண்டு நேராக அவளிடம் போனேன்.

"யோலாந்தா, என் சைக்கிளைத் தொட்டது யாரு?"

"எந்த சைக்கிள்?"

"நடிக்காதே. இது உங்க தொப்பிதானே?"

"எங்களோடதுதான். ரெண்டு மூணு நாளா ஒண்ணொண்ணா காணாமப் போகுது. நீங்கதான் எடுத்துட்டுப் போறீங்களோன்னு நினைச்சேன்."

"நானா? எனக்கு எதுக்கு இந்தக் கண்றாவி?"

"முப்பத்திரெண்டு பேரைக் குளிப்பாட்டி, மாத்திரை குடுத்து, டயப்பர் மாத்த நாங்க நாலு பேர் இருக்கோம். இதுல உங்க சைக்கிளுக்குத் தொப்பி வேற மாட்டுவோமா?" அவள் சட்டென்று நிறுத்தினாள். என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு குரலை மாற்றினாள். "உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா? ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா?"

அது அவள் ரூல்ஃபிடம் பேசுகிற குரல். தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் நான் போன் செய்வதற்குள் லீஸ்பெத்தே செய்துவிட்டாள்.

"அம்மா, யோலாந்தா பேசினா."

"பேசுவா. நீ சொல்லிக்குடுத்துத்தானே எல்லாம் நடக்குது. யார் யாரை ஏவிவிட்டிருக்கே? வீபேக்கு என்ன குடுத்தே?"

"சீட்டை இறக்குறதுக்கு யாராவது ஆள் வெப்பாங்களா அம்மா?" பிறகு மெதுவாகக் கேட்டாள். "நீயே இறக்கிட்டு மறந்துட்டியோ?"

"என்ன சொல்றே?"

"அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. சாவியை யாரோ எடுத்துட்டாங்க, பர்ஸை யாரோ ஒளிச்சு வெச்சுட்டாங்கன்னு." அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. "நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு வர்றேன். டாக்டரைப் பாப்போம். அதுவரைக்கும் சைக்கிள் எடுக்காதே. ப்ளீஸ்மா."

போனை வைத்துவிட்டு இருட்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். இதுவரை மற்றவர்களைத்தான் சந்தேகப்பட்டேன். முதல் தடவையாக என்மேலேயே சந்தேகம் வந்தது. நான்தான் இறக்கினேனா? கோட்டை இழுத்தது நிஜமா? எழுந்து போய் நகப்பூச்சுப் புட்டியைப் பார்த்தேன். மேஜையில் இருந்தது. அது இருந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் வந்தால் சைக்கிள் போய்விடும். சைக்கிள் போனால் ரூல்ஃப் வாயை மூடிக்கொள்வான். இந்தத் தடவை அது இரண்டு வாரத்தோடு முடியாது. எனக்கு மிச்சம் இருந்தது வியாழக்கிழமை ஒன்றுதான்.

வியாழக்கிழமை நல்ல மழை. சீட்டை மறுபடி கோடு வரை ஏற்றி, காற்றடித்துக்கொண்டு போனேன். சூப் கொடுத்தேன், படுக்க வைத்தேன், போர்த்தினேன். அவன் சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டான். பாத்திரங்களைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன், நான் அங்கே இருப்பதாக எல்லோரும் நினைக்கட்டும் என்று. பிறகு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு துணி துவைக்கும் அறை வழியாக முற்றத்துக்கு வந்து குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து சைக்கிள்கள் நன்றாகத் தெரிந்தன. ஒன்பது சைக்கிள். எல்லாமே கறுப்பு. யோலாந்தா வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். மெல்லிய வார்த்தைகள் இல்லை.

பத்து நிமிஷம் யாரும் வரவில்லை. கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கியது. பிறகு அறைகளின் வரிசையில் ஒரு கதவு திறந்தது.

ரூல்ஃப் வந்தான்.

காலில் வீட்டுச் செருப்பு. தலையில் ஒரு நீலத் தொப்பி, கையில் இன்னொன்று. இடமும் வலமும் பார்த்தான், சாலையைக் கடக்கிறவன் மாதிரி. ஒன்பது கறுப்பு சைக்கிளில் ஒரு வினாடிகூடத் தேடாமல் என்னுடையதிடம் போனான். சட்டைக் கையால் சீட்டைத் துடைத்தான். அடியில் இருந்த பிடியைத் தளர்த்தி, உள்ளங்கையால் தட்டி இறக்கி, இரண்டு விரலை வைத்து அளந்தான். குந்தி உட்கார்ந்து வால்வின் மூடியைக் கழற்றி நகத்தால் அமுக்கினான். காற்று போகிற சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டான். போதும் என்று தோன்றியதும் நிறுத்தி, கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தான். காலையில் தன் சட்டைக்குப் பித்தான் போடத் தெரியாத மனிதன் அவன்.

அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. தொட்டிகளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"ரூல்ஃப்... என்ன பண்றீங்க?"

திடுக்கிட்டு எழுந்தான். என்னைப் பார்த்ததும் நிம்மதியானான். "நீங்களா சூப்பம்மா? சத்தம் போடாதீங்க. இவங்களுக்குத் தெரிஞ்சா கதவைப் பூட்டிடுவாங்க."

"இது யார் சைக்கிள்?"

"என் பொண்டாட்டியோடது. ஃபென்னான்னு பேரு." தொப்பியை சீட்டுக்கு மாட்டிக்கொண்டே சொன்னான். "ஈரத்துல இறக்கமா உக்காரணும், காத்தும் கம்மியா இருக்கணும். சொன்னா கேக்கமாட்டா. கொக்கு மாதிரி உசரத்துலதான் உக்காருவா. அந்தப் பாலம் இருக்கு பாருங்க, மரப்பாலம், அங்க ஒரு நாள் விழப் போறா."

இவன் என்னை மறக்கவில்லை. என் பாலத்தைக்கூட மறக்கவில்லை. முகம்தான் போயிருக்கிறது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"நீங்க நல்லவங்க. அதனால ஒண்ணு கேக்குறேன். அவ இங்க யாரைப் பாக்க வர்றா?"

"என்ன?"

"தினம் பன்னெண்டு மணிக்கு சைக்கிள் வருது. ஒண்ணரைக்குப் போயிடுது. ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். என் ரூமுக்கு ஒரு நாள்கூட வந்ததில்ல." முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் கண்ணைக் காட்டினான். "பதினாலாம் நம்பர்ல ஒரு கப்பற்படைக்காரன் இருக்கான். தலைமுடி ஒண்ணுகூடக் கொட்டல. அவன்மேலதான் எனக்குச் சந்தேகம்."

நான் மழையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பதினாலாம் நம்பர்க்காரருக்குத் தொண்ணூறு வயது.

"சந்தேகம்னா, எதுக்கு அவ சீட்டை இறக்குறீங்க?"

இவ்வளவுகூடத் தெரியாதா என்பதுபோல் என்னைப் பார்த்தான். "மழையில்ல பெய்யுது?"

"ரூல்ஃப், நான்தான் ஃபென்னா," என்றேன். டாக்டர் திருத்தக்கூடாது என்றது ஞாபகம் இருந்தது. இருந்தாலும் சொன்னேன், என்னால் முடிந்த அளவு மெதுவாக. "நான்தான். உங்களைப் பாக்கத்தான் வர்றேன்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். என் கையைத் தட்டிக்கொடுத்தான். "நீங்க ரொம்ப நல்லவங்க. ஃபென்னா இவ்வளவு பொறுமையால்லாம் பேசமாட்டா."

இதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை. எப்படியாவது வீட்டுக்குப் போய்விட வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு அழ வேண்டும். அவனை உள்ளே அனுப்ப யாராவது வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு, சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன், சைக்கிளை வெளியே இழுத்தேன்.

கேரியரில் ஒரு கை விழுந்தது.

"ஏய்! விடு! அது என் பொண்டாட்டி சைக்கிள்!"

"ரூல்ஃப், விடுங்க..."

"திருடி! சூப் குடுக்குற மாதிரி வந்து சைக்கிளை அடிச்சுட்டுப் போறியா? அவ எப்படி வீட்டுக்குப் போவா? நடந்தா? இந்த மழையிலயா?"

இழுத்தான். நான் இழுத்தேன். சைக்கிள் எங்கள் இருவருக்கும் நடுவில் ஆடியது. அவன் செருப்பு வழுக்கியதில் நான் கிட்டத்தட்ட அவன்மேல் விழப்போனேன். அப்போது எனக்குள் ஏதோ அறுந்தது. அக்டோபரிலிருந்து விழுங்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"விடுடா கையை, மடையா! எத்தனை நாளா என் உயிரை எடுக்கிறே? முழங்கால் ரெண்டும் தேஞ்சு போச்சு! தினம் காத்தடிச்சு என் தோள்பட்டை கழண்டு விழுது! உனக்குப் பெத்த பொண்ணு என்னைப் பைத்தியம்ங்கிறா! வெறும் செருப்போட மழையில வந்து நிக்கிறியே, நிமோனியா வந்து செத்தா யாருடா என்னைப் பாத்துக்குறது? என் சீட்டை இறக்கணும்னா என்கிட்ட கேக்க வேண்டியதுதானே? வாய் இல்ல உனக்கு?"

முற்றத்து ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. யோலாந்தா கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தவள், நான் கையைக் காட்டியதும் அப்படியே நின்றாள். அவன் பயந்துவிட்டான், டாக்டர் சொன்னது சரி, நான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவன் பயப்படவில்லை. கை கேரியரிலேயே இருந்தது, ஆனால் இழுக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி என் வாயைப் பார்த்தான், பிறகு என் கண்ணைப் பார்த்தான். தொப்பியிலிருந்து அவன் மூக்கில் தண்ணீர் சொட்டியது.

"கேட்டா நீ ஒத்துக்கமாட்டியே, ஃபென்னா," என்றான்.

நீ என்றான். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த நீ. நான் சைக்கிளை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"எப்ப வந்தே?" என்று கேட்டான்.

"பன்னெண்டு மணிக்கு."

"தெரியும். தினம் வர்றே." அவன் முகம் மறுபடி இறுகியது. "யாரைப் பாக்க வர்றே?"

"உன்னைத்தான்டா."

"பொய்."

"சத்தியமா உன்னைத்தான். தினமும் உன்னைத்தான்."

அவன் நம்பவில்லை. பதினாலாம் அறை ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்து, அது தனக்கு எட்டாது என்று விட்டுவிட்டவன் மாதிரி பெருமூச்சு விட்டான். பிறகு என் கையிலிருந்து சைக்கிளை வாங்கி ஸ்டாண்டில் நிறுத்தினான்.

"சரி, யாரையோ பாக்க வர்றே. போகட்டும். போறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் என் ரூம்லயும் வந்து உக்காந்துட்டுப் போ. நான் சண்டை போடமாட்டேன்."